மணிக்கு முன்னால் ஒரு மணி

ஒரு துண்டுப் பஞ்சில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அதை ஒரு குழு, மூன்று மணிகள், ஒரு விருது, ஒரு பெரிய அதிகாரி என்று இழுத்துக்கொண்டே போனார்கள் என்றால், படித்தவர்களின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

சிட்டு ஒன்பதாம் வகுப்பு. ஆட்டிசம் உள்ள பெண் என்று டாக்டர் அவளுடைய சின்ன வயசிலேயே சொல்லிவிட்டார். அவள் அம்மா கடைத்தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே பொந்து மாதிரி இருக்கிற இடத்தில் சாவி வெட்டிக் கொடுக்கிறவள். தெருவில் எல்லோருக்கும் அவள் சாவிக்காரம்மாதான். சாவி வெட்டும் மெஷின் போடுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், பல்லெல்லாம் கூசும். சிட்டு பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குள் கால் வைத்தால் அம்மா மெஷினை நிறுத்திவிடுவாள்.

"என்னம்மா, பாதியில நிறுத்திட்டீங்க?" என்று வாடிக்கையாளர் கேட்டால், "பொண்ணு வந்திருக்கா. ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, அவ உள்ள போயிடுவா" என்பாள். அவர்களும் போய்விட்டு வருவார்கள். இதற்காக அவள் எந்தக் குழுவையும் கூட்டியது கிடையாது.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு வாசலுக்கு நேர் எதிரே, தாழ்வார உத்தரத்திலிருந்து ஒரு வெண்கல மணி தொங்கியது. நல்ல பூசணிக்காய் அளவு இருக்கும். பியூன் கயிற்றைப் பிடித்து இழுத்தால் தெருக்கோடி நாய்கூட எழுந்து உட்காரும். மற்ற பிள்ளைகளுக்கு அது மணிச் சத்தம். சிட்டுவுக்கு யாரோ மண்டைக்குள் கம்பியை விட்டுக் கிண்டுகிற மாதிரி. ஒருநாள் தாங்க முடியாமல் பெஞ்சைத் தள்ளிவிட்டு ஓடினாள். பெஞ்சு கணக்கு வாத்தியார் காலில் விழுந்தது. மறுநாளே சாவிக்காரம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தின் மறுகோடியில், மாடியில் இருந்தது ஆதரவுக் குழுவின் அறை. கதவின் உள்பக்கம் முழுக்க மெத்தை தைத்திருந்தார்கள். தரையில் கம்பளம், ஜன்னலில் கனத்த திரை. உள்ளே நுழைந்ததும் சாவிக்காரம்மாவுக்குத் தன் மூச்சுச் சத்தமே கேட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை, அவர் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர், அப்புறம் தலையாட்டுவதற்கென்று சில உறுப்பினர்கள். எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வணக்கம் சார், எம் பொண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

ஒருங்கிணைப்பாளர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம்மா. மணி அடிக்கணும். மணி அடிக்காம கூட்டம் தொடங்கினா செல்லாது."

இந்த அறைக்குள் மணிச் சத்தம் கேட்காது. அதனால் மணி அடித்ததும் பியூன் படியேறி வந்து, கதவைத் திறந்து, அடித்தாகிவிட்டது என்று தலையாட்டிவிட்டுப் போவாராம். அப்படியே வந்தார், ஆட்டினார், போனார்.

"உங்க வலி எனக்குப் புரியுதும்மா," என்றார் ஒருங்கிணைப்பாளர். தாலாட்டுகிற மாதிரிக் குரல். அந்தக் குரலுக்காகவே அவருக்கு அந்த வேலை கிடைத்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு.

"மணியைக் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லலாமா சார்?"

"ஒருத்திக்காக மெதுவா அடிச்சா மத்த பிள்ளைங்களோட முழுச் சத்த உரிமை என்ன ஆகறது?"

"அப்ப காதுக்கு ஒரு மூடி வாங்கித் தரேன். அதைப் போட்டுக்கட்டும்."

"சீருடையில காது மூடி கிடையாது," என்றார் தலைமையாசிரியை.

"பஞ்சு?"

"பஞ்சும் கிடையாது."

சாவிக்காரம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "வேற ரூம்ல உக்கார வெச்சா என்ன மேடம்? இந்த ரூமையே பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு!"

மேஜைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அது.

"இது ஆதரவுக் குழு அறைம்மா," என்று ஒருங்கிணைப்பாளர் பொறுமையாக விளக்கினார். "இந்த மாதிரிப் பிள்ளைங்களைப் பத்தி ஆழமா யோசிக்கற இடம். சத்தம் இருந்தா யோசிக்க முடியுமா? எனக்கெல்லாம் ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாலே தலைவலி வந்துடும்."

அவளுக்குச் சிரிப்பதா, மேஜையைப் புரட்டிப் போடுவதா என்று தெரியவில்லை. பெண்ணை நினைத்து இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"நாங்க யோசிச்சுட்டோம்," என்றார் அவர். "ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்கு எது ஆகாது? திடீர்னு நடக்கறது. மணி திடீர்னு அடிக்குது. அதுதான் கோளாறு. இனிமே மணி அடிக்கப் போகுதுன்னு உங்க பொண்ணுக்கு முன்கூட்டியே தெரிவிப்போம்."

"ரொம்ப நல்லது சார். எப்படித் தெரிவிப்பீங்க?"

"மணி அடிச்சுதான்."

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டி மகிழ்ந்தார்கள். தட்டின சத்தம் அதிகமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது தலைமையாசிரியை ஒரு வார்த்தை சொன்னார். "இவ்வளவு பாடுபடறோம். இந்தப் பருவத்துக்குள்ள உங்க பொண்ணு பயனடைஞ்சாகணும். அடையலேன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்குங்க."

வேற பள்ளிக்கூடம்! ஏற்கெனவே ஏறி இறங்கிய பள்ளிக்கூடங்களின் படிகளெல்லாம் சாவிக்காரம்மாவின் முழங்காலுக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் வலி புரிகிறது என்றார்கள், வாசலையும் காட்டினார்கள். இங்கேதான் முதல் முறையாக, சிட்டு சாயங்காலம் வந்து "என் ஃப்ரெண்டு" என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். பெற்ற வயிறு குளிர்ந்துபோன நாள் அது. இந்த இடம் போனால் அதுவும் போச்சு.

அந்த ஃப்ரெண்டுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர். அவளுக்கு ஏ.டி.எச்.டி. உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள். உடம்பு உட்கார்ந்தால் கால் ஆடும், கால் நின்றால் பேனா மூடி கழன்று கழன்று மாட்டும். ஆனால் சிட்டு பேசத் தொடங்கினால் மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்பாள். சிட்டு ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க நேரமாகும். வாத்தியார்களுக்கு அவ்வளவு நேரம் இருந்ததில்லை. நிற்கவே தெரியாத பம்பரத்துக்கு இருந்தது.

பம்பரத்துக்கும் குழு ஆதரவு கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அதற்குக் கவனப் பயிற்சி என்று பெயர். சுவரைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் பயிற்சி முதலிலிருந்து தொடங்கும். இதற்குத் தண்டனை என்று ஒரு காலத்தில் பெயர் இருந்ததாக வாத்தியார்களே சொல்லிக்கொண்டார்கள்.

முன்னறிவிப்பு மணி வந்தது. பெரிய மணிக்குப் பக்கத்திலேயே, அதைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்கு ரிப்பன் வெட்டித் திறப்பு விழா நடத்தினார்கள். ஒலிபெருக்கி, கைதட்டல், பேண்டு வாத்தியம் எல்லாம் உண்டு. சிட்டு கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கூட்டம் கலையும்வரை வெளியே வரவில்லை. பயனாளி வெட்கப்படுகிறாள் என்று ஒருங்கிணைப்பாளர் மைக்கில் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு மணிச் சத்தத்துக்கு அலறினவள் இரண்டு மணிச் சத்தத்துக்கும் அலறினாள். சாவிக்காரம்மா ஓடினாள். மெத்தைக் கதவு, கம்பளம், பியூன் வந்தார், தலையாட்டினார்.

"முன்னறிவிப்பு மணியும் திடீர்னு அடிக்குது சார்! இதுகூடவா தெரியல?"

ஒருங்கிணைப்பாளரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம்? பெற்றோர் வாயிலிருந்தே வந்துடுச்சு. முன்னறிவிப்புக்கு ஒரு முன்னறிவிப்பு தேவைப்படுது. இது தாழ்வாரத்துல இருந்தா போதாது. தனிக் கவனம் வேணும். பொண்ணு பக்கத்துலயே போய், ஒரு கைமணியை..."

"ஐயோ சார்!"

"உங்க வலி எனக்குப் புரியுது."

அந்தக் கைமணியை அடிக்கப் பம்பரத்தைப் போட்டார்கள். கூடவே தாழ்வாரத்து இரண்டு மணிகளின் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார்கள். ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு ஓடியாடும் வாய்ப்பு, ஆட்டிசம் பிள்ளைக்கு முன்னறிவிப்பு, ஒரே செலவில் இரண்டு ஆதரவு என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார்கள். பியூனுக்கு மணி மேற்பார்வையாளர் என்று பதவி உயர்வு கிடைத்தது. சம்பளம் உயரவில்லை.

பம்பரம் என்ன செய்தாள் தெரியுமா? கைமணிக்குள் விரலை விட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டு, சிட்டுவின் முன்னால் சத்தமே இல்லாமல் ஆட்டினாள். சிட்டு காதைப் பொத்தத் தயாராகிவிடுவாள். முழுதாய் ஒரு வாரம் நன்றாகவே போயிற்று. அந்த ஒரு வாரம்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாராவது யாருக்காவது உருப்படியாகச் செய்த உதவி. அதைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

"ஆதரவை அவகிட்டப் போய்ச் சேர விடாம தடுக்கறியா?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்ததாம். பம்பரத்துக்கு மறுபடி சுவர். மணி அடிக்கிற நேரத்துக்கு மட்டும் ஓடிவந்து அடித்துவிட்டு, திரும்பிப் போய் நிற்க வேண்டும். இனிமேல் விரலை விட்டால் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

நடுவில் வாத்தியார்களுக்கு ஒரு பயிற்சி நாள் வைத்தார்கள். பயனாளியின் தாய் என்று சாவிக்காரம்மாவையும் மேடையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கவனச் சிதறல் என்ற தலைப்பில் ஒருவர் காலையில் பிடித்த மைக்கைச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் விடவில்லை. முன்வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள், பின்வரிசையில் தூங்கினார்கள், கணக்கு வாத்தியார் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். யாரையும் யாரும் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லவில்லை. சாவிக்காரம்மாவுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்ததுதான் மிச்சம்.

பருவம் முடிய இருந்த நேரத்தில் விருது வந்தது. மிகச் சிறந்த ஆதரவுப் பள்ளி. ஊரிலேயே இத்தனை மணிகள் உள்ள பள்ளி வேறு இல்லையாம். கொடுக்கப் பெரிய அதிகாரி வந்தார். அரங்கு நிறையப் பிள்ளைகள். சாவிக்காரம்மா மேடை ஓரத்தில், காதைப் பொத்திக்கொண்டிருந்த மகளை அணைத்துக்கொண்டு நின்றாள். கீழே முதல் வரிசைக்குப் பக்கத்தில் கைமணியும் கையுமாகப் பம்பரம்.

பெரிய அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இந்தப் பிள்ளைகளை நாம் கைவிடவே மாட்டோம். அவர்கள் இல்லை என்றால் நமக்கு இந்தத் துறை ஏது, இந்த விழா ஏது, இந்தக் கார் ஏது? அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதில்லை. ஏன் கேட்க வேண்டும்? கேட்டால் ஏதாவது சின்னதாகச் சொல்லிவிடுவார்கள். நாம் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள்."

அரங்கு கைதட்டியது. சிட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

விருது என்ன என்று நினைக்கிறீர்கள்? மரப்பலகையில் பதித்த கொக்கியில் தொங்கும் பித்தளை மணி. பயனாளியே வாங்க வேண்டும் என்றார்கள். இரண்டு கையும் காதில் இருந்தால் எப்படி வாங்குவது? "கையை எடும்மா, போட்டோ எடுக்கணும்" என்று தலைமையாசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பெரிய அதிகாரி பாசத்தோடு குனிந்து, சிட்டுவின் முகத்துக்கு நேரே மணியை ஆட்டிக் காட்டினார். "பாரு, எவ்வளவு இனிமையான சத்தம்!"

சாவிக்காரம்மா குறுக்கே பாய்ந்தாள். அதற்குள் சிட்டுவே கையை நீட்டி மணியை வாங்கிவிட்டாள். ஓடவில்லை, கத்தவில்லை. பலகையைக் கவிழ்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நாக்கு ஒரு சின்ன வளையத்தில் மாட்டியிருந்தது. நிதானமாகத் திருகிக் கழற்றி, அந்தக் குட்டிப் பித்தளைக் குமிழை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். மணியை மட்டும் அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப சரியாயிடுச்சு," என்றாள்.

பெரிய அதிகாரி ஆட்டிப் பார்த்தார். மறுபடி ஆட்டினார். சத்தம் வரவில்லை. அரங்கில் ஒரு பிள்ளை சிரித்தது, அப்புறம் ஒரு வரிசையே சிரித்தது. பம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த மணியைக் கவிழ்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே தீர்ப்பு ஏறக்குறைய எழுதியாகிவிட்டது. ஆதரவுக்குச் சேதம் விளைவித்தது, மேலதிகாரி முன்னிலையில் பயனடைய மறுத்தது. திங்கட்கிழமை காலை மணி அடித்ததும் குழு கூடும், சிட்டுவின் பெயரை நீக்கும், அம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டில் சிட்டு, "பம்பரமும் என்கூட வருவாளா?" என்று மட்டும் கேட்டாள். சாவிக்காரம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். பொத்திப் பொத்திச் சிவந்துபோன அந்தக் காதுமடல்களைத் தடவிக்கொடுத்தாள். பாவிகளா, பாவிகளா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

திங்கட்கிழமை காலை மகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அவள் தாழ்வாரத்து முனையில் ஒரு கணம் நின்றாள். பம்பரம் பெரிய மணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மணி ஆடியது. சத்தம் இல்லை. முன்னறிவிப்பு மணியை இழுத்தாள். அதுவும் ஆடியது. கைமணியையும் ஒரு ஆட்டு ஆட்டினாள், குறை வைக்காமல். பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளப் பியூன் வாயைப் பிளந்தார்.

"அண்ணே, நான் அடிச்சுட்டேன். பாத்தீங்கல்ல?" என்று பம்பரம் அவரிடம் சொன்னாள்.

அப்புறம் ஓடிவந்து சாவிக்காரம்மாவின் கையில் ஒரு துணிப்பையைத் திணித்தாள். கை அப்படியே கீழே இறங்கியது, அவ்வளவு கனம். உள்ளே இரும்பு ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி ஒரு முனகல்.

"ஆன்ட்டி, உங்க கடையில பழைய சாவி டிராயர் இருக்குல்ல? அதுல போட்டுடுங்க."

"அடியே... எப்படிடி கழட்டினே?"

"சிட்டு காட்டினா. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வளையம்தான், பெரியதுக்கு மட்டும் ஸ்டூல் போட்டேன்." சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

சாவிக்காரம்மா பையின் வாயை இறுக்கி முடிந்தாள். பையைப் பியூனிடம் கொடுத்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறினாள்.

மெத்தைக் கதவுக்குள் எல்லோரும் தயாராக இருந்தார்கள். சாவிக்காரம்மா பையை மடியில் வைத்து, உள்ளே இருப்பவை இடித்துக்கொள்ளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பியூன் வரவில்லை. காத்திருந்தார்கள். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆரம்பிச்சுடலாமே?"

"மணி அடிக்கலையே மேடம். அடிக்காம நீக்கினா நாளைக்குச் செல்லாதுன்னுடுவாங்க."

சாவிக்காரம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "சார், நான் ஒண்ணு கேக்கறேன். காது வலிக்குதுன்னு சொன்னேன். ஒரு பஞ்சு கேட்டேன். நீங்க அவ காதுகிட்டயே இன்னொரு மணியைக் கொண்டுவந்து வெச்சீங்க. கத்தினா இன்னொண்ணு வெச்சீங்க. வலி புரியுது, வலி புரியுதுன்னீங்களே, ஒருநாள், ஒரே ஒருநாள் அந்தத் தாழ்வாரத்துல நீங்க வந்து நின்னிருக்கீங்களா? உங்களுக்கு ஸ்பூன் விழுந்தா தலைவலி, அதுக்குக் கதவுக்கே மெத்தை. எம் பொண்ணு காதைப் பொத்தினா அவளுக்கு வெளிய வழியா? மனுஷங்கதானா நீங்க?"

மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒருங்கிணைப்பாளர் கனிவோடு சொன்னார். "இதையெல்லாம் கூட்டம் ஆரம்பிச்சதும் சொல்லுங்கம்மா. இப்ப சொன்னா பதிவாகாது."

கடைசியில் பியூன் வந்தார். தலையை எப்படி ஆட்டுவது என்று தெரியாமல் வாயால் சொன்னார். "மணி ஆடுது சார். அடிக்கல. எல்லாத்துலயும் நாக்கைக் காணோம்."

"புதுசா வாங்கிப் போட வேண்டியதுதானே?" என்றார் தலைமையாசிரியை.

"வாங்கக் குழு அனுமதிக்கணும் மேடம்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "அனுமதிக்கக் கூட்டம் நடக்கணும்." "கூட்டம் நடக்க மணி அடிக்கணும்." உறுப்பினர்கள் வழக்கப்படி தலையாட்டினார்கள்.

"பிள்ளைங்க எல்லாம் வெளியவா நிக்குது?"

"இல்ல மேடம். கடிகாரத்தைப் பாத்துட்டு அதுங்களே உள்ள போயிடுச்சு. பாடம் நடக்குது."

"மணி இல்லாமலா!" தலைமையாசிரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இது எவ்வளவு பெரிய ஒழுங்கீனம்!"

சாவிக்காரம்மா எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூட்டம் தொடங்கியிருக்க வேண்டுமே. தாழ்வாரம் வழியாக நடந்தாள். ஒன்பதாம் வகுப்பில் பாடம் மாறும் நேரம் வந்தது. ஒரு வாத்தியார் வெளியே வந்தார், இன்னொருவர் உள்ளே போனார். அவ்வளவுதான். சிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் பேனா, ஒரு கை நோட்டின் மேல். இரண்டு காதும் திறந்திருந்தன. பள்ளிக்கூடத்துக்குள் மகளின் இரண்டு கையையும் மேஜைமேல் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் பம்பரம் காலை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தாள். சுவர்ப் பக்கம் யாரும் நிற்கவில்லை.

கடைக்கு வந்து, பையைப் பழைய சாவி டிராயரில் கவிழ்த்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த குட்டிப் பித்தளைக் குமிழையும் அதிலேயே போட்டுப் பூட்டினாள். மெஷினைப் போடப் போனபோது போன் வந்தது. தலைமையாசிரியை.

"ஏம்மா, பாதியில போயிட்டீங்க? உங்க பொண்ணைப் பத்தின முடிவு நிலுவையில இருக்கு. நாங்க எல்லாரும் இன்னும் ரூம்லதான் உக்காந்திருக்கோம். மணி அடிச்சதும் கூப்பிடறோம், கையெழுத்துப் போட வந்துடணும்."

"கண்டிப்பா மேடம். அதுவரைக்கும் அவ படிச்சுக்கிட்டு இருக்கலாமில்ல?"

"முடிவு வராம நீக்க முடியாதே. படிக்கத்தான் வேணும்."

சாவிக்காரம்மா டிராயரைப் பார்த்தாள்.

"சரிங்க மேடம். மெதுவா அடிங்க, அவசரம் ஒண்ணும் இல்ல."